சிபிஐ புரோப்: ஊரை அளக்கும் ஐந்து கிராம் கம்பி

சிபிஐ புரோப் என்பது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளக்கும் கம்பி. சிபிஐ என்றால் 'கம்யூனிட்டி பெரியோடான்டல் இண்டெக்ஸ்', அதாவது ஓர் ஊரின் ஈறுநோயைக் காட்டும் குறியீடு. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் இதற்கு டபிள்யூஹெச்ஓ புரோப் என்றும் பெயர். பல் மருத்துவக் கருவிகள் விற்கும் கடையில் "டபிள்யூஹெச்ஓ புரோப் குடுங்க" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் "ஈ வகையா, சி வகையா?" என்று திருப்பிக் கேட்பார். கேட்காமல் எடுத்து நீட்டினால் நாமே உறையைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை. நுனியிலிருந்து 3.5 மி.மீ.யில் தொடங்கி 5.5 மி.மீ.யில் முடியும் கறுப்புப் பட்டை. ஈ வகை அதோடு சரி. சி வகையில் அதற்கு மேலே 8.5, 11.5 மி.மீ.யில் இரண்டு வளையக் கோடுகள் உண்டு. ஈ எபிடெமியாலஜிக்கு (ஊரளவில் நோயைக் கணக்கெடுக்கும் துறை), சி கிளினிக்குக்கு என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை நம்பி சர்வேக்கு ஈ வகையை மொத்தமாக வாங்கினால், படிவத்தில் 'அட்டாச்மென்ட் லாஸ்' (பல்லைப் பிடித்திருந்த பிடிப்பு எவ்வளவு போய்விட்டது) கட்டம் வந்ததும் கை நின்றுவிடும். 6 முதல் 8, 9 முதல் 11, 12 அல்லது அதற்கு மேல் என்று அங்கே கேட்கும் அளவுகளை அந்த இரண்டு கோடுகள் இல்லாமல் சொல்லவே முடியாது. ஆகவே, கணக்கெடுப்புக்கும் சி வகையையே வாங்குங்கள்.

கருவியாக இது அருமையான கருவி. ஆனால் இது ஒரு நோயாளியைக் கவனிப்பதற்காகப் பிறந்ததல்ல, ஓர் ஊரை எண்ணுவதற்காகப் பிறந்தது. பல்லைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டிய பெரியோ டாக்டருக்கு, அதாவது ஈறு மருத்துவருக்கு, இது போதாது. இதில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கோடு கிடையாது. ஆயிரம் பேரைப் பார்த்து 'இவருக்கு உண்டு, இவருக்கு இல்லை' என்று ஒரே அளவுகோலில் பிரிக்க வேண்டியவர்களுக்கு இதைவிட எளிய கருவி வேறில்லை. வாங்குபவர் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

நுனி உருண்டைக்கு இரண்டு வேலை. ஈறுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரை (பல்லில் கல்லாக இறுகிய படிவு) சொரசொரவென்று கைக்குத் தெரிவது ஒன்று. ஈறின் அடித்திசுவைக் கூர்நுனி குத்திக்கொண்டு இறங்கி, 3 மி.மீ. ஆழத்தை 4 என்று காட்டிவிடாமல் தடுப்பது இன்னொன்று. எடை சுமார் 5 கிராம். வேண்டுமென்றேதான் இவ்வளவு லேசாகச் செய்கிறார்கள், கனமான கைப்பிடி தானாகவே அழுத்தும் என்பதால். புரோப்பை உள்ளே விடும் அழுத்தம் 20 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த 20 கிராமை எப்படி உணர்வது? நுனியைக் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வைத்து, நகம் வெளுக்கும் வரை மட்டும் அழுத்திப் பாருங்கள். வலித்தால் அழுத்தம் அதிகம். சமையலறைத் தராசின் தட்டில் நுனியை ஊன்றி 20 வரும்வரை அழுத்திப் பழகுவது இன்னும் நல்லது. பயிற்சி நாளில் ஒருவருக்குப் பத்து முறை செய்தால் கை பழகிவிடும். மதியத்துக்குமேல் கை தளர்ந்து மறுபடி கனக்கும். அப்போது தராசை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

கறுப்புப் பட்டையை வாசிப்பது எளிது. பட்டை முழுவதும் ஈறின் விளிம்புக்கு வெளியே தெரிந்தால் ஆழம் 3 மி.மீ. அல்லது குறைவு. விளிம்பு பட்டையின் நடுவே எங்காவது விழுந்தால் 4 அல்லது 5. பட்டை மொத்தமும் உள்ளே மறைந்தால் 6 அல்லது அதற்கு மேல். 3.5, 5.5 என்று அரையில் கோடு போட்டிருப்பது யோசித்துச் செய்த காரியம். கோடு முழு எண்ணில் இருந்தால் ஈறு சரியாகக் கோட்டிலேயே வந்து நிற்கும், 'மூணா நாலா' என்று இழுபறிதான் மிஞ்சும். பல்லின் நீளவாக்கில் புரோப்பைப் பிடித்து, உருண்டை வேரைத் தொட்டபடியே இருக்க, மெல்ல மேலும் கீழுமாக நடத்திக்கொண்டே பல்லைச் சுற்றி வர வேண்டும். கன்னப் பக்கம் மூன்று இடம், நாக்குப் பக்கம் மூன்று இடம். கடைவாய்ப்பல்லின் பின்பக்கம்தான் பெரும்பாலும் தவறவிடும் இடம். கன்னம் இடிக்கும், கண்ணாடியில் ஆவி படியும், கை சாய்ந்துவிடும். சாய்ந்த புரோப் பக்கத்துப் பல்லில் முட்டி நின்றால் ஆழம் குறைவாகத் தெரியும்.

இனி குறைகளுக்கு வருவோம். பட்டை போடும் முறை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகிறது. பள்ளம் செதுக்கி அதில் கறுப்பு நிரப்பியவை ஒரு வகை, லேசரால் உலோகத்தையே கறுக்க வைத்தவை இன்னொரு வகை. நிரப்பியதில் ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கலன்) சூடு ஏற ஏற ஓரம் பெயர்ந்துவரும். பட்டையின் கீழ் ஓரம் அரை மில்லிமீட்டர் பெயர்ந்தால் 3.5-இல் தொடங்க வேண்டியது 4-இல் தொடங்குகிறது. ஊரில் நோய் குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும்! லேசர் வகை இப்படிப் பெயராது. ஆனால் சிலவற்றில் பட்டை கன்னங்கரேலென்று இல்லாமல் சாம்பல் நிறமாக இருக்கிறது. பரிசோதகர் தலையில் மாட்டிய விளக்கு வெளிச்சத்தில் எச்சில் பளபளக்கும்போது ஓரம் எங்கே என்று கண் தடுமாறும்.

புதிய புரோப் பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது இதுதான். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புரோப்பிலும் மூன்று அளவு: உருண்டையின் குறுக்களவு 0.5, நுனியிலிருந்து பட்டையின் தொடக்கம் 3.5, முடிவு 5.5. சி வகையென்றால் மேலே இருக்கும் இரண்டு கோடுகளும் சேர்த்து ஐந்து. கோட்டின் எந்த ஓரத்தை அளக்கிறோம் என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 0.2 மி.மீ.க்கு மேல் விலகியதைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். 'இரண்டு முடி அளவு விலகலுக்கா இவ்வளவு அலட்டல்?' என்று கேட்பவர்களுக்குத்தான் அடுத்த கணக்கு.

ஆரோக்கியமான ஈறிலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி இயல்பாகவே உண்டு. ஆக, பெரும்பாலான இடங்களின் அளவு 3.5 என்ற எல்லைக்குச் சற்றுக் கீழேதான் குவிந்திருக்கும். எல்லைக்கோடு கூட்டத்தை ஒட்டியே போகிறது. கோட்டைத் துளி நகர்த்தினால் பெருங்கூட்டம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடும். ஒரு பரிசோதகரின் கையும் புரோப்பும் சேர்ந்து, நல்ல இடம் ஒன்றை 'பாக்கெட்' (ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான பை) என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு வெறும் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எபிடெமியாலஜி மொழியில் சொன்னால், ஓரிடத்துக்கு ஸ்பெசிஃபிசிட்டி 99 சதவீதம். நோய் இல்லாத நூறு இடங்களில் தொண்ணூற்றொன்பதைச் 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வே இடத்தை எண்ணுவதில்லை, ஆளை எண்ணுகிறது. வாயில் ஒரே ஓர் இடத்தில் பாக்கெட் இருந்தாலும் அந்த ஆள் 'உண்டு' பட்டியலில் சேர்கிறார். பத்து பற்கள், பல்லுக்கு ஆறு இடம், மொத்தம் 60 இடம். 0.99-ஐ அறுபது முறை பெருக்கினால் 0.55 வருகிறது. அதாவது, ஈறு முழுக்க நன்றாக இருக்கும் ஆளில் ஓரிடத்திலாவது பொய்யான பாக்கெட் பதிவாகும் வாய்ப்பு 45 சதவீதம். 28 பற்களையும் பார்த்தால் 168 இடம். அப்போது அது 82 சதவீதம். தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரே ஆளின் வாயில் தவறுகள் கூட்டமாக வருவதும் உண்டு என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் திசை இதுதான். 0.2 மி.மீ. என்று அலட்டுவது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது சென்சிடிவிட்டி: நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை விடாமல் பிடிக்கிறோம் என்பது. 1982-இல் இந்த சிபிஐ குறியீடு, சிகிச்சைத் தேவையையும் சேர்த்துச் சொல்லும் சிபிஐடிஎன் என்ற பெயரில் வெளிவந்தபோது, நேரத்தை மிச்சம்பிடிக்க வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, 20 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பத்து குறியீட்டுப் பற்களை மட்டும் பார்த்தால் போதும் என்றார்கள் (முதல் இலக்கம் வாயின் கால்பகுதி, இரண்டாவது அங்கே நடுவிலிருந்து எத்தனையாவது பல்): 17, 16, 11, 26, 27, 37, 36, 31, 46, 47. பார்க்காத பல்லில் இருக்கும் பாக்கெட் பதிவாகாது. எனவே முழு வாய்ப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் இந்த முறையில் சென்சிடிவிட்டி குறைகிறது, ஊரின் நோய்ப் பரவல் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு 2013 பதிப்பில் வாயில் இருக்கும் எல்லாப் பற்களையும் பார்க்கச் சொன்னதும் சென்சிடிவிட்டி ஏறியது. அதோடு நேரமும், மேலே சொன்ன பொய்ப் பாக்கெட்டுகளின் வாய்ப்பும் ஏறின. இரண்டில் எது சரி என்று வாதிடுவதில் பயனில்லை. பத்துப் பல் முறையில் எடுத்த பழைய கணக்கையும் முழு வாய் முறையில் எடுத்த புதிய கணக்கையும் அருகருகே வைத்து 'நோய் கூடிவிட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்தத் தவறு மாணவர்களின் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

2013 மாற்றத்தில் இன்னொன்றும் உண்டு, அது வரவேற்க வேண்டியது. பழைய குறியீட்டில் 0 நலம், 1 ரத்தக்கசிவு, 2 காரை, 3 ஆழம் 4–5 மி.மீ., 4 ஆழம் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தார்கள். 3 என்று எழுதினால் காரையும் கசிவும் இருக்கும் என்று தானாகவே பொருள். உண்மையில் பாக்கெட் இருக்கும் இடத்தில் ரத்தம் கசியாமலும் இருக்கலாம். இப்போது கசிவுக்குத் தனிக் கட்டம், பாக்கெட்டுக்குத் தனிக் கட்டம்; காரைக்குக் கட்டமே இல்லை. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பாக்கெட் பார்ப்பதில்லை. பல் முளைத்துவரும் வயதில் ஈறு சற்று மேலேறி நின்று பொய்யான ஆழம் காட்டும்.

இன்னொரு சிக்கல், புரோப்புகள் கலந்துபோவது. கடையில் இருப்பு தீர்ந்துவிட்டால் இருபது ஒரு தயாரிப்பிலும் பத்து இன்னொன்றிலும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு குழு ஒரு தயாரிப்பை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கக் கிராமங்களுக்கும், மற்றொரு குழு அடுத்த தயாரிப்போடு மேற்கே மலையடிவாரத்துக்கும் போனால் என்ன ஆகும்? கிழக்கில் 38 சதவீதம், மேற்கில் 52 சதவீதம் என்று வந்துவிட்டால், அது தண்ணீரா, புகையிலையா, கம்பியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு அளவிலும் அங்குமிங்குமாக வரும் பிழை ஆள் எண்ணிக்கை கூடினால் ஓரளவு சமப்படும். ஒரே திசையில் வரும் பிழை, அதாவது பயஸ், பத்தாயிரம் பேரைப் பார்த்தாலும் குறையாது. ஒரே தொகுதியில் வாங்குவதும், வாங்கியதைக் குழுக்களுக்குக் கலந்து பிரித்துக் கொடுப்பதும், பரிசோதகர்களையும் ஊர் மாற்றி அனுப்புவதும்தான் வழி. செலவில்லாத வழியும்கூட.

புரோப் சரியாக இருந்தாலும் கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெயர் கேலிப்ரேஷன். மொத்த மாதிரியில் 5 முதல் 10 சதவீதம் பேரை இரண்டாம் முறையும் பரிசோதித்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஒத்துப்போன சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துபவர்கள் நிறைய. அதில் ஏமாற்று இருக்கிறது. 100 இடங்களை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 இடத்தில் இருவரும் 'இல்லை' என்கிறார்கள், 8 இடத்தில் இருவரும் 'உண்டு' என்கிறார்கள். மீதி 12-இல் ஆளுக்கு ஆறு இடத்தில் ஒருவர் 'உண்டு' என்றதை மற்றவர் 'இல்லை' என்கிறார். ஒத்துப்போனது 88 சதவீதம், பிரமாதம்! ஆனால் இருவருமே 86 இடத்தை 'இல்லை' என்றும் 14 இடத்தை 'உண்டு' என்றும் சொல்லும் வழக்கமுள்ளவர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் சொல்லியிருந்தாலும் 0.86-ஐ 0.86-ஆல் பெருக்கியதும், 0.14-ஐ 0.14-ஆல் பெருக்கியதும் சேர்ந்து 76 சதவீதம் தற்செயலாகவே ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் கப்பா: 0.88-இலிருந்து 0.76-ஐக் கழித்து, 1-இலிருந்து 0.76-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.50. 1977-இல் லாண்டிஸும் கோக்கும் வகுத்த அளவுகோலில் இது நடுத்தரம்தான். 0.61-க்கு மேல் போனால்தான் நல்ல ஒற்றுமை என்று சொல்லலாம், 0.81-க்கு மேல் என்றால் ஏறத்தாழ முழு ஒற்றுமை. உடன்படாத அந்த 12 இடங்களையும் எடுத்து வைத்து, இருவரும் ஒரே நோயாளியிடம் மாறிமாறிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்: ஒருவர் அழுத்துகிறார், மற்றவர் சாய்க்கிறார்.

இந்தப் புரோப்பால் முடியாதவையும் உண்டு. ஒருமுறை பார்த்து எழுதுவதில் கிடைப்பது பிரிவலன்ஸ். அன்றைய தேதியில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது. 120 பேரில் 54 பேருக்குப் பாக்கெட் என்றால் 45 சதவீதம். புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்ற இன்சிடென்ஸ் வேண்டுமென்றால், நோயில்லாதவர்களைக் குறித்து வைத்து, காலம் விட்டு, அதே ஆட்களை மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பினால் விபரீதமான முடிவுகள் வரும். ஈறுநோய் போல நாள்பட்ட நோயில் பிரிவலன்ஸ் என்பது ஏறத்தாழ இன்சிடென்ஸையும் நோய் நீடிக்கும் காலத்தையும் பெருக்கியது. முன்பு பிடுங்கி எறிந்த பற்களை இப்போது சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றினால், அவை வாயில் நீண்ட காலம் இருக்கும், பாக்கெட்டோடு எண்ணிக்கையில் சேரும். சேவை மேம்பட்ட ஊரில் பிரிவலன்ஸ் ஏறுவது இப்படித்தான். இதன் மறுபக்கம் முதியவர்கள். 65–74 வயதில் பாக்கெட் குறைவாகத் தெரிந்தால் ஈறு நன்றாகிவிட்டது என்று பொருளல்ல, மோசமான பற்கள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. பழைய முறையில் ஒரு பகுதியில் இரண்டு பல்கூட மிச்சமில்லையென்றால் அந்தப் பகுதிக்கு எக்ஸ் போடுவார்கள். அட்டவணையில் எக்ஸ் எத்தனை என்று எழுதாமல் விட்டால் கதையின் பாதி காணாமல் போகும்.

ஈறு இறங்கிப்போனவர்களிடமும் இது தடுமாறும். ஈறு 5 மி.மீ. கீழே இறங்கி, பாக்கெட் 2 மி.மீ. மட்டுமே இருந்தால் பட்டை முழுவதும் வெளியே தெரியும். பாக்கெட் குறியீட்டில் அவர் நலமானவர். ஆனால் பல்லைப் பிடித்திருந்த பிடிப்பு 7 மி.மீ. போய்விட்டது. எனாமலும் வேரும் சந்திக்கும் கோட்டிலிருந்து அளந்தால்தான் அது பிடிபடும். சி வகைக் கோடுகளின் வேலை அங்கேதான். புகைபிடிப்பவர்களிடம் இன்னொரு கண்ணாமூச்சி: ஈறில் ரத்தக்கசிவு குறைந்து தெரியும். கசிவை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பீடி பிடிப்பவரின் ஈறு பிடிக்காதவருடையதைவிட நன்றாக இருப்பதாகக் கணக்கு வரும். அளவுகோல் ஒரு கூட்டத்தாரிடம் ஒரு மாதிரியும் இன்னொரு கூட்டத்தாரிடம் வேறு மாதிரியும் தப்பு செய்தால், சதவீதத்தோடு காரண-காரியத் தொடர்பும் சேர்ந்து தலைகீழாகிவிடும்.

சொத்தைப் பல் பார்ப்பதற்கும் இதே உருண்டை நுனிதான். கூர்முனைக் கம்பியான எக்ஸ்புளோரரைப் பல்லின் பள்ளத்தில் குத்தி, 'சிக்குகிறது, சொத்தை' என்று எழுதும் பழக்கம் கல்லூரியிலிருந்தே பலர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆழமான நல்ல பள்ளத்திலும் கூர்முனை சிக்கும். தொடக்கநிலையில் வெளுத்து நிற்கும் எனாமலின் மேல்பரப்பை அது உடைத்தும்விடும். சர்வேயில் விதி வேறு. கண்ணுக்குத் தெரியும் குழியோ, அடி அரித்த எனாமலோ, மெத்தென்ற தரையோ சுவரோ இருந்தால்தான் சொத்தை. வெள்ளைப் புள்ளி கணக்கில் வராது. சந்தேகம் வந்தால் நலம் என்றே எழுத வேண்டும். இப்படி எடுத்த டிஎம்எஃப்டி எண் 1938-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது: சொத்தையானது, சொத்தையால் போனது, அடைத்தது மூன்றின் கூட்டல். அது ஏறுமே தவிர இறங்காது; பழைய சொத்தையும் நேற்று வந்ததும் அதில் ஒன்றுதான். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எந்தக் காரணத்தால் பல் போனாலும் அந்தக் கூட்டலில் சேரும் என்பதைப் படிவம் எழுதும் பதிவாளர் மறந்துவிட்டால் நடுவயதுக்காரர்களின் எண் சரிந்துவிடும். சராசரியும் ஏமாற்றும். 30 பிள்ளைகளில் 20 பேருக்கு ஒன்றுமில்லை, 10 பேருக்கு மும்மூன்று என்றால் சராசரி 1. அதிகம் பாதிக்கப்பட்ட மூன்றிலொரு பங்கினரின் சராசரியைத் தனியே எடுக்கும் எஸ்ஐசி குறியீடு 3 என்று உண்மையைச் சொல்லும்.

எத்தனை நல்ல புரோப் வாங்கினாலும் யாருடைய வாயில் வைக்கிறோம் என்பதை அது தீர்மானிக்காது. இலவசப் பல் முகாமுக்கு வருபவர்கள் பல்வலியோடு வருபவர்கள். அவர்களை வைத்து 'இந்த வட்டாரத்தில் 90 சதவீதம் பேருக்கு நோய்' என்று செய்திக்குறிப்பு கொடுப்பது புரோப்பின் குற்றமல்ல. 5, 12, 15, 35–44, 65–74 என்று வயதுகளை நிர்ணயித்திருப்பது ஊருக்கு ஊர் ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காக. அதில் 12-க்குத் தனி மதிப்பு: ஞானப்பல் தவிர நிலைப்பற்கள் எல்லாம் முளைத்திருக்கும், பிள்ளைகளைப் பள்ளியிலேயே பிடித்துவிடலாம்.

களத்தில் ஒரு பரிசோதகருக்குக் குறைந்தது 30 புரோப், 30 வாய்க்கண்ணாடி வேண்டும். ஒரு பெரியவருக்கு முழுப் படிவமும் போட 15–20 நிமிடம், பிள்ளைக்கு 5–10 நிமிடம் ஆகும் என்பதால், ஒரு தொகுதி ஆட்டோகிளேவில் இருக்கும்போது அடுத்தது கைக்கு வர வேண்டும். பத்துப் புரோப்போடு கிளம்பினால் மதியத்துக்குள் 'கெமிக்கலில் முக்கி எடுத்துக்கலாம்' என்ற சபலம் வரும். 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் என்பது கிருமி குறைப்பதுதான், கிருமி நீக்கம் அல்ல. அதற்குப் பத்து மணி நேரம் வேண்டும். பிளீச்சிங் கரைசலில் ஊறப்போட்டால் எஃகில் துரு புள்ளி விழும், பட்டையும் போகும். 121 டிகிரியில் 15 நிமிடம், உறையிட்டதென்றால் இன்னும் சற்றுக் கூடுதலாக ஓடவிடுவதுதான் பாதுகாப்பு. அதற்குமுன் உருண்டைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள கழுத்தைத் தேய்த்துக் கழுவ மறக்காதீர்கள். காய்ந்த ரத்தம் ஒளிவது அங்கேதான். விளக்கு நீலவெள்ளையாக இருக்கட்டும். மஞ்சள் விளக்கில் சிவந்த ஈறு சிவப்பாகவே தெரியாது. பதிவாளர் பரிசோதகரின் குரல் கேட்கும் தூரத்தில், எழுதுவது பரிசோதகரின் கண்ணில் படும்படி உட்கார வேண்டும். 'எக்ஸ்' என்பதும் 'எட்டு' என்பதும் முகமூடிக்குள்ளிருந்து ஒரே மாதிரி வரும். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

மாற்று என்று பார்த்தால், 1, 2, 3, 5, 7, 8, 9, 10 என்று கோடு போட்ட வில்லியம்ஸ் புரோப்பும், 15 வரை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கோடுள்ள யுஎன்சி-15-உம் கிளினிக்குக்கு நல்லவை; ஆய்வில் ஆழத்தை எண்ணாகவே எழுதுவதாக இருந்தால் யுஎன்சி-15 எடுங்கள். பின்னால் அந்த எண்ணை எந்த எல்லையில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். சிபிஐ புரோப்பில் எழுதியதை அப்படிப் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் நுனிகள் இம்பிளான்ட் (தாடையில் பதித்த செயற்கைப் பல்வேர்) சுற்றிப் பார்க்க வசதி. நூற்றுக்கணக்கான வாய்களுக்கு நுனி வளைந்துபோகும். அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணுப் புரோப்புகள் சின்ன ஆய்வுக்குச் சரி. கிராமத்துப் பள்ளி வராந்தாவுக்குக் கொண்டுபோகும் பொருளல்ல.

விலை உள்நாட்டுத் தயாரிப்புகளில் சில நூறு ரூபாய், இறக்குமதியில் ஆயிரங்கள். காலிப்பரில் தேறினால் உள்நாட்டுத் தயாரிப்பே போதும். 30-க்குப் பதில் 36 வாங்கி ஆறை ஒதுக்கினாலும் செலவு குறைவுதான். ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் எண் பொறித்து, படிவத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் ஒதுக்கிவிடுங்கள். கணக்கில் ஏதாவது இடறினால் எந்தக் கம்பி என்று தேடிப் பிடிக்கலாம். மாதம் ஒருமுறை மறுபடி காலிப்பர். பட்டை ஓரம் பெயர்ந்ததைத் தூக்கி எறிய வேண்டாம், சர்வே பெட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் சொத்தை மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க உருண்டை மட்டும் போதும், அதற்குப் பட்டை தேவையில்லை.